வங்காளச் சணலை அளந்த பேராசிரியர்: யார் இந்த மகாலனோபிஸ்?

பயிர்க் காப்பீடு பற்றிய செய்தி வரும்போதெல்லாம் கூடவே ஒரு சண்டையும் வரும். பக்கத்து ஊருக்கு இழப்பீடு வந்துவிட்டது, எங்கள் ஊருக்கு மட்டும் ஏன் வரவில்லை என்று விவசாயிகள் கேட்பார்கள். அதிகாரிகள் கைகாட்டுவது பெரும்பாலும் ஒரே விஷயத்தைத்தான்: பயிர் அறுவடைப் பரிசோதனை.

அது என்ன? ஊரில் உள்ள எல்லா வயலையும் யாரும் எடை போட்டுப் பார்க்க முடியாது. அதனால் குலுக்கல் முறையில் சில வயல்களைத் தேர்ந்தெடுப்பார்கள். நெல் என்றால் அந்த வயலுக்குள் 5 மீட்டருக்கு 5 மீட்டர் சதுரம் ஒன்றைக் கயிறு கட்டிப் பிரிப்பார்கள். அதில் உள்ள பயிரை மட்டும் அறுத்து, கதிரடித்து, தூற்றி, எடை போடுவார்கள். அந்தச் சில சதுரங்களை வைத்துத்தான் மொத்த ஊரின் மகசூல் கணக்கிடப்படுகிறது. இழப்பீடு உண்டா, இல்லையா என்பதும் அதை வைத்தே முடிவாகிறது.

கையளவு இடத்தை அளந்து ஒரு ஊரையே அளந்துவிட்டதாகச் சொல்வது நியாயமா? இந்தக் கேள்வியோடு இருபது, முப்பது வருஷம் மல்லுக்கட்டியவர் பிரசாந்த சந்திர மகாலனோபிஸ். அவர் அதைப் பெரிய அளவில் சோதித்துப் பார்த்த பயிர் நெல் இல்லை. சணல்.

டேட்டா சயின்ஸ், மெஷின் லேர்னிங் பக்கம் வேலை பார்ப்பவர்களுக்கு இந்தப் பெயர் ஏற்கெனவே தெரிந்திருக்கும். ‘மகாலனோபிஸ் டிஸ்டன்ஸ்’ என்று ஒரு சூத்திரத்தைப் பயன்படுத்தியிருப்பீர்கள். அதே ஆள்தான். ஆனால் அந்தச் சூத்திரத்துக்குப் பின்னால் இருந்தவர் சேற்றில் இறங்கி நடக்கிற ஆட்களை அனுப்பி, அவர்கள் எத்தனை நிமிஷம் நடந்தார்கள், எத்தனை நிமிஷம் எழுதினார்கள் என்றெல்லாம் குறித்து வாங்கியவர் என்பது அவ்வளவாகத் தெரியாது.

ராமானுஜனுக்குப் போர்வை போர்த்தக் கற்றுக்கொடுத்தவர்

1893 ஜூன் 29 அன்று கல்கத்தாவில் பிறந்தார். வசதியான பிரம்ம சமாஜக் குடும்பம். பிரசிடென்சி கல்லூரியில் இயற்பியல் முடித்துவிட்டு 1913-ல் இங்கிலாந்து போனார். லண்டனில் படிப்பதுதான் திட்டம். ஒருநாள் கேம்பிரிட்ஜைச் சுற்றிப் பார்க்கப் போனவர், லண்டன் திரும்பும் கடைசி ரயிலைத் தவறவிட்டார். அன்றிரவு நண்பர் ஒருவரிடம் தங்கினார். கிங்ஸ் கல்லூரியின் அழகில் மயங்கி, அங்கேயே இடம் கேட்டுச் சேர்ந்துவிட்டார்.

அடுத்த வருஷம் கும்பகோணத்துக்காரர் ஒருவர் அதே ஊருக்கு வந்து சேர்ந்தார். சீனிவாச ராமானுஜன். இருவரும் நண்பர்களானார்கள். ராமானுஜன் அறைக்கு ஒருமுறை போன மகாலனோபிஸ், அவர் குளிரில் ஓவர்கோட்டும் சால்வையுமாகத் தூங்குவதைத் தெரிந்துகொண்டார். படுக்கையில் கம்பளிகள் இருந்தன. ஆனால் அவை மெத்தைக்கு அடியில் செருகி விரிக்கப்பட்டிருந்தன. அவற்றை விலக்கி உள்ளே நுழைந்து படுக்க வேண்டும் என்பது ராமானுஜனுக்குத் தெரியவில்லை. மகாலனோபிஸ்தான் அதைச் செய்து காட்டினார்.

இன்னொரு நாள் பத்திரிகையில் வந்த ஒரு புதிரோடு போனார். ஒரு தெருவில் வீடுகள் 1, 2, 3 என வரிசையாக எண்ணிடப்பட்டிருக்கின்றன. ஒரு குறிப்பிட்ட வீட்டுக்கு இடப்பக்கம் உள்ள எண்களின் கூட்டலும் வலப்பக்கம் உள்ள எண்களின் கூட்டலும் சமம். தெருவில் 50-க்கு மேல், 500-க்குள் வீடுகள். வீட்டு எண் என்ன? ஒரு விடையைத் தேடிப்பிடித்திருந்தார் மகாலனோபிஸ் (288 வீடுகள், 204-ஆம் வீடு). அடுப்பில் காய்கறியைக் கிளறிக்கொண்டிருந்த ராமானுஜன், அந்த வகைப் புதிர் எல்லாவற்றுக்கும் சேர்த்து விடை தரும் தொடர் பின்னம் ஒன்றைச் சொன்னாராம். தனக்கு எட்டாத உயரம் ஒன்று உண்டு என்பதை மகாலனோபிஸ் அன்று பார்த்திருப்பார்.

1915-ல் படிப்பு முடிந்தது. உலகப் போர் காரணமாகக் கப்பல் கிளம்பத் தாமதமானது. காத்திருந்த நாட்களில் கல்லூரி நூலகத்தில் ஆசிரியர் ஒருவர் ‘பயோமெட்ரிக்கா’ என்ற புள்ளியியல் ஆய்விதழைக் காட்டினார். பிடித்துப்போய் மொத்தத் தொகுப்பையும் விலைக்கு வாங்கினார். ஊர் திரும்பும் கப்பலிலேயே படிக்க ஆரம்பித்தார். விடுமுறைக்காக வந்தவர் பிரசிடென்சியில் இயற்பியல் சொல்லிக்கொடுக்க ஆள் தேவை என்றதும் அங்கேயே தங்கிவிட்டார்.

சம்பளம் இயற்பியலுக்கு, மனசு புள்ளியியலில். அடுத்த பத்துப் பதினைந்து வருஷமும் இப்படித்தான் போனது. 1922-ல் வட வங்காளத்தில் வெள்ளம் வந்தபோது, தண்ணீரைத் தேக்கிவைக்கப் பெரிய தடுப்புகள் கட்டலாம் என்றார்கள் பொறியாளர்கள். ஐம்பது வருஷ மழைக் கணக்கைப் புரட்டிய மகாலனோபிஸ், அது வீண் செலவு, தண்ணீர் வேகமாக வடிய வழி செய்வதே தேவை என்று காட்டினார். 1931 டிசம்பரில், பிரசிடென்சி கல்லூரியில் தன் துறையின் ஓர் அறையில் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தைத் தொடங்கினார். முதல் ஆண்டுச் செலவு 250 ரூபாயைத் தாண்டவில்லை.

சணல் ஏன் அவ்வளவு முக்கியம்?

இன்றைக்கும் நெல் கொள்முதல் நிலையத்தில் சாக்கு இல்லை என்று செய்தி வந்தால், அந்தக் கதை வங்காளத்தில் போய்த்தான் முடியும். நூறு வருஷத்துக்கு முன்னால் இந்த நார் அதைவிடப் பெரிய விவகாரம். உலகத்தில் கோதுமை, சர்க்கரை, காபி, பருத்தி என்று மூட்டையாகப் போன எல்லாவற்றுக்கும் சணல் சாக்கு வேண்டும். அந்தச் சணல் பெரும்பாலும் வங்காளத்தில் விளைந்தது. ஹூக்ளி நதிக்கரை ஆலைகளில் நூலானது.

வேலையோ கடுமை. மழைக்கு முன் விதைத்து, ஆள் உயரத்தையும் தாண்டி வளர்ந்த பிறகு அறுத்து, கட்டுக்கட்டாகக் குளத்திலும் ஓடையிலும் ஊறப்போடுவார்கள். வாரக்கணக்கில் ஊறித் தண்டு அழுகத் தொடங்கியதும், இடுப்பளவுத் தண்ணீரில் நின்று நாரை உரிப்பார்கள். பிறகு அலசி, காயவைத்து, சந்தைக்கு.

சந்தையில் விலையை யார் முடிவு செய்வது? இந்த வருஷம் எவ்வளவு விளையும் என்ற கணிப்புதான். அறுவடைக்கு முன்பே அரசு ஒரு மதிப்பீட்டை வெளியிடும். அதைப் பார்த்து ஆலைகளும் தரகர்களும் விலை பேசுவார்கள். விளைச்சல் அதிகம் என்று தப்பாகக் கணித்தால் விவசாயிக்கு அடி, குறைவு என்று தப்பாகக் கணித்தால் ஆலைக்கு அடி. அதிலும் ஆலைக்குக் கிடங்கு உண்டு, விவசாயிக்கு வட்டிக் கடன்தான் உண்டு.

இத்தனைக்கும் அந்தக் கணிப்பின் அடிப்படை படுமோசம். இங்கே ஒரு விஷயத்தை நாம் புரிந்துகொள்ள வேண்டும். சென்னை மாகாணத்தில் பெரும்பாலும் ரயத்துவாரி முறை. அரசே விவசாயியிடம் நேரடியாக வரி வாங்கியதால், ஊருக்கு ஊர் கர்ணம் இருந்தார், எந்த வயலில் என்ன பயிர் என்று எழுதிவைக்கும் அடங்கல் இருந்தது. வங்காளத்தில் 1793 முதல் ஜமீன்தாரி. ஜமீன்தார் ஒரு நிலையான தொகையைக் கட்டிவிட்டால் அரசுக்கு வேலை முடிந்தது. வயலில் என்ன இருக்கிறது என்று வருஷா வருஷம் எழுத யாரும் இல்லை. ஊர்க் காவல்காரரும் உள்ளூர்ப் பெரியவர்களும் சொல்லும் தோராயம்தான் மேலே மேலே போய் அரசு மதிப்பீடாக வெளிவரும்.

மகசூலுக்கு அணாக் கணக்கு. நல்ல விளைச்சல் 16 அணா என்று வைத்துக்கொண்டு, இந்த வருஷம் 12 அணா, 10 அணா என்று கண்ணால் பார்த்துச் சொல்வது. பஞ்சம் வந்துவிடுமோ என்று பயப்படும் அதிகாரிக்கு ஒரு அணா, வரித் தள்ளுபடி கேட்பார்களே என்று நினைக்கும் அதிகாரிக்கு வேறொரு அணா.

படகில் போன கணக்கு

1937-ல் இந்தியன் சென்ட்ரல் ஜூட் கமிட்டிக்காக மகாலனோபிஸ் சணல் கணக்கெடுப்பை ஆரம்பித்தார். எடுத்த எடுப்பில் மொத்த வங்காளத்துக்கும் போகவில்லை. முதல் வருஷம் சிறிய பகுதி. அதில் கற்றதை வைத்து அடுத்த வருஷம் கொஞ்சம் பெரிதாக. இப்படிப் படிப்படியாக விரித்து, 1941-ல் மாகாணம் முழுவதையும் எட்டினார். இன்று எல்லா அலுவலகத்திலும் ‘பைலட்’ என்கிறோமே, கணக்கெடுப்பில் அதை ஒரு ஒழுங்கான முறையாக ஆக்கியது இந்தச் சணல் வேலைதான்.

வயல் வயலாக அளந்து போட்ட ஊர் வரைபடங்கள் வங்காளத்தில் இருந்தன. அவற்றின் மேல் குலுக்கல் முறையில் புள்ளிகள் வைத்து, அந்த இடத்தில் சிறு கட்டங்கள் வரைந்து, அங்கே மட்டும் ஆட்களை அனுப்பினார். அந்தக் கட்டத்துக்குள் எத்தனை வயலில் சணல் இருக்கிறது என்று பார்த்து எழுத வேண்டும்.

கட்டம் எவ்வளவு பெரிதாக இருக்கலாம்? எத்தனை கட்டம்? நிறைய சின்னக் கட்டங்கள் என்றால் துல்லியம் கூடும். ஆனால் ஒன்றிலிருந்து அடுத்ததுக்குப் போகும் நடை கூடும். அதுவும் மழைக்கால வங்காளத்தில் பல இடங்களுக்குப் படகில்தான் போக வேண்டும். இதற்காகத்தான் பணியாளர்களின் நேரத்தைப் பிரித்துப் பிரித்துக் குறிக்கச் சொன்னார். நடந்த நேரம், வயலில் நின்று பார்த்த நேரம், எழுதிய நேரம். அதிலிருந்து செலவுக்கு ஒரு சூத்திரம், பிழைக்கு ஒரு சூத்திரம். கையில் இவ்வளவு பணம் இருந்தால் பிழையை எவ்வளவு குறைக்கலாம் என்று இரண்டையும் சேர்த்துப் போட்டார். கணக்குப் போட்டது மனிதர்கள். ‘கம்ப்யூட்டர்’ என்பது அப்போது இயந்திரத்தின் பெயர் இல்லை, மேஜைக் கணக்கு மெஷினோடு உட்கார்ந்திருந்த பணியாளரின் பெயர்.

மகசூலை அளப்பது இதைவிடச் சிக்கல். வயலில் ஒரு சிறு வட்டம் எடுத்து, அதற்குள் உள்ள செடிகளை அறுக்கலாம். ஆனால் பச்சைத் தண்டை எடை போட்டு என்ன பயன்? விலை போவது காய்ந்த நார். ஆக, அந்தத் துண்டு அறுவடையை மட்டும் தனியாக ஊறவைத்து, உரித்து, காயவைத்து, பிறகுதான் எடை. ஒரு வட்டத்துக்கே இவ்வளவு வேலை.

இரண்டு குழுக்கள் எதற்கு?

என்னைக் கேட்டால், மகாலனோபிஸின் ஆகப் பெரிய யோசனை இதுதான். ஒரே பகுதிக்கு அவர் ஒரு குழுவை மட்டும் அனுப்பவில்லை, இரண்டு குழுக்களை அனுப்பினார். இரண்டுக்கும் தனித்தனிக் குலுக்கல், தனித்தனிப் புள்ளிகள். ஒரு குழு என்ன எழுதியது என்று இன்னொரு குழுவுக்குத் தெரியாது.

இரண்டு முடிவும் கிட்டத்தட்ட ஒத்துவந்தால் நிம்மதி. எக்கச்சக்கமாக வேறுபட்டால்? அது குலுக்கலின் விளையாட்டு மட்டுமில்லை, யாரோ தப்பாக எழுதியிருக்கிறார்கள், இல்லை வயலுக்கே போகாமல் டீக்கடையில் உட்கார்ந்து நிரப்பியிருக்கிறார்கள்.

அதுவரை புள்ளியியல் புத்தகங்கள் கவலைப்பட்டது மாதிரியைத் தேர்வதில் வரும் பிழையைப் பற்றித்தான். தேர்ந்த இடத்துக்குப் போகிற மனிதர் தூங்கலாம், பொய் சொல்லலாம், களைத்துப்போகலாம் என்பதைக் கணக்கெடுப்பின் அமைப்புக்குள்ளேயே வைத்தது இவர்தான்.

கமிட்டியில் எல்லோரும் உடனே தலையாட்டவில்லை. சில இடங்களைப் பார்த்துவிட்டு மொத்த வங்காளத்துக்கும் எண் சொல்வதா என்ற சந்தேகம் இருந்தது. பதில் சொல்ல ஒரு வாய்ப்பு தானாக வந்தது. சணல் சாகுபடியைக் கட்டுப்படுத்தும் திட்டத்துக்காக வங்காள அரசு வயல் வயலாக முழுக் கணக்கெடுப்பும் நடத்தியது. ஆக 1941-க்கு இரண்டு எண்கள் கிடைத்தன. ஒன்று எல்லா வயலையும் பார்த்தது, இன்னொன்று மகாலனோபிஸின் மாதிரி. ஒப்பிட்டுப் பார்க்க மூன்றாவதாக வியாபாரக் கணக்கும் இருந்தது. ஆலைக்குப் போனதும் துறைமுகத்தில் ஏறியதும் மூட்டை எண்ணிக்கையாகப் பதிவாகியிருக்கும் இல்லையா?

மாதிரிக் கணக்கு வியாபாரக் கணக்குக்கு வெகு அருகில் வந்தது. எல்லா வயலையும் பார்த்த கணக்கு நிறையவே குறைத்துக் காட்டியிருந்தது. செலவோ முழுக் கணக்கெடுப்புக்குத்தான் பல மடங்கு அதிகம். முழுசாக எண்ண ஆயிரக்கணக்கில் தற்காலிக ஆட்கள் வேண்டும். அவர்களுக்குப் பயிற்சி கொடுக்க நேரமில்லை, மேற்பார்வை பார்க்க ஆளில்லை. சில நூறு பேரைப் பழக்கி, கண்காணிப்பில் வைத்து, குறைவான இடங்களுக்கு அனுப்பினால் தப்பு குறையும். கேட்க எளிமையாக இருக்கிறது. ஆனால் அன்றைக்கு இது அதிர்ச்சி.

பஞ்சம் வந்தபோது

சணலுக்கு இவ்வளவு செய்தார்கள். காரணம், ஆலைகளுக்கு அது தேவை. மக்கள் சாப்பிடும் அரிசிக்கு? 1943-ல் வங்காளப் பஞ்சம் வந்தபோது, மாகாணத்தில் எவ்வளவு நெல் விளைந்தது என்பதற்கே நம்பக்கூடிய எண் அரசிடம் இல்லை. பற்றாக்குறை இருக்கிறதா, பதுக்கலா என்று அதிகாரிகள் வாதாடிக்கொண்டிருந்தார்கள். செத்தவர்கள் 30 லட்சம் வரை இருக்கலாம் என்பது பரவலான மதிப்பீடு. நல்ல எண் இருந்திருந்தால் மட்டும் பஞ்சம் நின்றிருக்கும் என்று சொல்ல முடியாது. அன்றைய ஆட்சியின் முடிவுகள் அதைவிடப் பெரிய காரணம். ஆனால் எண் இல்லாதது ஒரு வசதியான சாக்காக இருந்தது.

பஞ்சத்துக்குப் பிறகு, சணல் வயலில் பழகிய அதே முறையோடு மகாலனோபிஸின் ஆட்கள் கிராமங்களுக்குப் போனார்கள். இந்த முறை எண்ணியது செடிகளை இல்லை, குடும்பங்களை. யார் நிலத்தை விற்றார்கள், யார் அடகு வைத்தார்கள், மாடு இழந்தவர் யார், தொழில் இழந்தவர் யார். கொஞ்சமாக நிலம் வைத்திருந்தவர்கள் அதையும் இழந்து கூலிக்காரர்களானது எண்ணாகப் பதிவானது.

அவர் தோற்ற இடம்

இந்தக் கதையில் இவருக்கு எதிர்ப்பக்கத்தில் ஒரு நல்ல ஆள் உண்டு: பி.வி.சுகாத்மே. வேளாண் ஆராய்ச்சிக் கவுன்சிலின் புள்ளியியலாளர். அவரும், மத்திய மாகாணத்தில் பருத்தி மகசூலை இதே போல மாதிரி அறுவடை மூலம் அளந்த வி.ஜி.பன்சேயும் ஒரு கேள்வியைக் கிளப்பினார்கள். மகாலனோபிஸின் சிறிய வட்டங்கள் மகசூலைக் கூட்டிக் காட்டுகின்றன என்பது அவர்கள் வாதம்.

ஏன் கூடும்? வட்டத்தின் விளிம்பில் நிற்கிற செடி உள்ளேயா, வெளியேயா என்று சந்தேகம் வந்தால் அறுக்கிறவர் கை அதை உள்ளேதான் சேர்க்கும். நாமே போட்டுப் பார்க்கலாம். 1 மீட்டர் ஆரமுள்ள வட்டத்தில் விளிம்பு 5 சென்டிமீட்டர் வெளியே போனால் பரப்பு 10 சதவீதம் கூடிவிடும். அதே தப்பு 5 மீட்டர் சதுரத்தில் நான்கு பக்கமும் நடந்தால் கூடுவது 4 சதவீதம்தான். மாகாணம் முழுக்க 10 சதவீதம் மகசூலைக் கூட்டிக் காட்டினால் என்ன ஆகும்? இல்லாத அரிசி ஏட்டில் இருக்கும்.

விளிம்புப் பிழை மகாலனோபிஸுக்குத் தெரியாத விஷயமில்லை. ஆனால் நன்றாகப் பழக்கிய ஆட்களை வைத்துச் செய்தால் சமாளிக்கலாம் என்று நம்பினார். சுகாத்மே தரப்பு வருவாய்த் துறை, வேளாண் துறை ஊழியர்களை வைத்தே, பெரிய துண்டுகளாக அறுக்கலாம் என்றது. வாதம் ஆய்விதழ்களில் வருஷக்கணக்கில் நடந்தது. கடைசியில் நாட்டின் அதிகாரபூர்வ மகசூல் கணக்குக்கு நிலைத்தது பெரிய துண்டு முறை. நம் ஊர் 5 மீட்டர் சதுரம் அந்த வழியில் வந்ததுதான். இதில் சுகாத்மே சொன்னதுதான் சரி என்று தோன்றுகிறது. ஆயிரக்கணக்கான ஊர்களில் பலவகை ஆட்கள் செய்யப்போகும் வேலைக்கு, கை தவறினாலும் தாங்குகிற அளவுகோல்தான் வேண்டும்.

இன்னொருவருக்கும் இங்கே பங்கு உண்டு. 1920-களிலேயே பீகார், ஒரிசா பகுதியில் நெல்லுக்கு இப்படிக் குலுக்கல் முறையில் அறுத்துப் பார்த்தவர் ஜே.ஏ.ஹபாக் என்ற ஐ.சி.எஸ். அதிகாரி. பயிர் அறுவடைப் பரிசோதனையை மகாலனோபிஸ் கண்டுபிடித்தார் என்று ஃபார்வர்டு மெசேஜ் வந்தால் நம்ப வேண்டாம்.

நாடு முழுக்க

1945-ல் லண்டன் ராயல் சொசைட்டி அவரை உறுப்பினராக்கியது. 1947-ல் பிரிவினை. சணல் நிலத்தில் பெரும்பகுதி கிழக்கு வங்காளத்துக்குப் போனது, ஆலைகள் ஹூக்ளிக் கரையில் இந்தியாவில் நின்றன. நேரு அவரை மத்திய அமைச்சரவையின் புள்ளியியல் ஆலோசகராக்கினார். 1950-ல் தேசிய மாதிரிக் கணக்கெடுப்பு தொடங்கியது. முதல் சுற்றில் போனது 1,833 கிராமங்களுக்கு. நாட்டில் இருந்தவை ஐந்தரை லட்சத்துக்கும் மேல். சணல் வயலில் பழகிய அதே துணிச்சல்.

இரண்டாம் ஐந்தாண்டுத் திட்டத்தில் கனரகத் தொழிலுக்கு முதலிடம் கொடுத்த மாதிரியும் இவருடையது. அதைப் பற்றி இன்றும் சண்டை ஓய்ந்தபாடில்லை. விவசாயத்துக்கு அதில் போதுமான இடமில்லை என்ற விமர்சனத்தில் நியாயம் உண்டு. விளைச்சலை அளப்பதற்கு இவ்வளவு மெனக்கெட்டவர், விளைச்சலைக் கூட்டுவதற்கான பணத்தை ஒதுக்குவதில் அந்த அளவு அக்கறை காட்டவில்லை என்பது வினோதம்தான்.

சி.ஆர்.ராவ், ஆர்.சி.போஸ் என்று உலகப் பெயர் பெற்றவர்கள் அவருடைய நிறுவனத்தில் வளர்ந்தார்கள். கல்கத்தா பாராநகரில் உள்ள அந்த நிறுவனத்துக்குச் சென்னை தரமணியிலும் ஒரு மையம் இருக்கிறது. 1972 ஜூன் 28 அன்று, 79-வது பிறந்தநாளுக்கு ஒரு நாள் முன்பு, மகாலனோபிஸ் காலமானார். அவர் பிறந்த ஜூன் 29 தேசியப் புள்ளியியல் தினமாக 2007 முதல் கொண்டாடப்படுகிறது.

பயிர்க் காப்பீட்டுக்கான அறுவடைப் பரிசோதனை இப்போது மொபைல் ஆப்பில் பதிவாகிறது. எந்த வயல், எந்த நேரம் என்று போட்டோவும் இருப்பிடமும் சேர்ந்தே ஏறும். வயலுக்குப் போகாமல் நிரப்புகிற ஆளைப் பிடிக்க மகாலனோபிஸிடம் போன் இல்லை. அதனால்தான் இரண்டாவது குழுவைப் படகில் ஏற்றினார்.